துவர்த்தும் மூன்றாவது பாட்டிலும்

எங்கள் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் கிடக்கும் இடத்தில், ஒரு பாட்டில் நிற்கிறது. பாட்டில் என்று நான் சொன்னால்தான் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது காக்கித் தாளில் சுற்றி, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சுகளின்மேல் சிவப்பு அரக்கு வைத்த ஒரு பொட்டலம். அடியிலிருந்து மூடி வரைக்கும் ஒரு தாள்துண்டு ஒட்டியிருக்கிறது. பாதி அந்தத் துண்டின்மேலும் பாதி காக்கித் தாளின்மேலுமாக ஒரு கையெழுத்து. மழையில் நனைந்த கையால் போட்டது, அதனால் கடைசி எழுத்து கலங்கியிருக்கும். உள்ளே இருப்பது தண்ணீர். காதருகே வைத்து ஆட்டினால் சத்தம் கேட்கும், ஆனால் இத்தனை வருஷத்தில் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஓணத்துக்கு வீடு தூத்துவாரும்போதெல்லாம் என் மனைவி, “இத தூரக் களஞ்சா என்ன? ஆருக்குக் காவல் நிக்குது இது?” என்று கேட்பாள். நான் எழுந்து முற்றத்துக்குப் போய் நடக்க ஆரம்பித்துவிடுவேன். இந்த மனுஷனுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது என்று பிள்ளைகளிடம் குறை சொல்வாள். உண்மைதான், அந்தப் பாட்டில் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

நான் நெய்யாற்றின்கரையில் ஃபுட் இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதுள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் கலப்படத் தடைச் சட்டம் என்ற பழைய சட்டம் இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது. இன்ஸ்பெக்டர் ஒரு கடையில் மாதிரி எடுத்தால் அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்று பாட்டில், மூன்றிலும் முத்திரை. ஒன்று பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். மற்ற இரண்டும், நாளைக்குக் கோர்ட்டோ கடைக்காரரோ மறுபரிசோதனை கேட்டால் எடுத்துக்கொடுக்க, மேலதிகாரியின் பாதுகாப்பில் இருக்கும். அந்தப் பாட்டில்களைக் கழுவி, உலர்த்தி, பையில் அடுக்கி, இன்ஸ்பெக்டரின் பின்னால் சுமந்துகொண்டு போவது என் வேலை. சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது. “சுத்தமான, உலர்ந்த பாட்டில்” என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு மிளகாய்த்தூள் வழக்கில், பாட்டிலில் ஈரம் இருந்தது என்று வக்கீல் பிடித்துக்கொண்டு வழக்கையே தள்ள வைத்துவிட்டார். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் ஆபீஸ் மொத்தமும் கேட்க என்னை வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது. அன்றே முடிவு செய்தேன், இனி என் பாட்டிலில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது என்று.

இருக்கவும் விட்டதில்லை. கொதித்த தண்ணீரில் கழுவி, ஆபீஸ் பின்சுவரில் வெயிலில் கவிழ்த்து வைப்பேன். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் என்றால் மாதக்கணக்கில் வெயில் ஏது? அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் என் தோளில் கிடக்கும் துவர்த்தைச் சுற்றி, பாட்டிலுக்குள் விட்டு, அடிவரைக்கும் திருகித் துடைத்து எடுப்பேன். வெளியூர்க்காரர்கள் துண்டு என்பார்களே, அந்தத் துவர்த்துதான். சிவப்புக் கரை போட்டது. காலையில் குளித்துத் துடைத்தது, பஸ் சீட்டைத் தட்டினது, சாயா குடித்து வாயைத் துடைத்தது எல்லாம் அதுவேதான். இதை இன்று எழுதும்போது எனக்கே குமட்டுகிறது. அன்றைக்கு எனக்கு அது பெருமை. மிளகாய்த்தூளும் எண்ணெயும் பருப்பும் அந்தப் பாட்டில்களில் வருஷக்கணக்காகப் போயின, ஒரு வக்கீலும் வாயைத் திறக்கவில்லை.

மேடம் இன்ஸ்பெக்டராக வந்தது அதற்குப் பிறகுதான். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கோட்டுகால் பக்கத்துக்காரர், அம்மாவழி களியக்காவிளை என்பதால் என்னோடு எங்கள் தமிழில்தான் பேசுவார், ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். மெதுவாக நடக்கத் தெரியாதவர். பேசும்போதும் நடப்பார், ஃபோன் வந்தால் வராந்தா முழுக்க நடப்பார், அரக்கு உருகும் வரைக்கும் நிற்கப் பொறுக்காமல் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். வலது பெருவிரலில் அரக்கு சுட்ட தழும்பு ஒன்று எப்போதும் இருக்கும், பழையது ஆறுவதற்குள் புதியது. தன் எல்லைக்குள் இருக்கிற எந்தக் கடையிலும் ஒரு சாயா குடிக்கமாட்டார். குடித்தால் நாளை அந்தக் கடையில் மாதிரி எடுக்க நாக்கு கூசும் என்பார். அவருடைய பையில் ஸ்டீல் ஃப்ளாஸ்க் ஒன்றில் வீட்டுத் தண்ணீர் இருக்கும், அதுதான் பகல் முழுக்க. என் பாட்டில் துடைப்பைப் பார்த்து எனக்கு ‘உணக்கு மந்திரி’ என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கத்தில் உலர்த்துவதை உணக்குவது என்போம். “மந்திரி சார் ரெடியா? ஜீப்பு வந்தாச்சு” என்று அவர் வாசலில் நின்று கூப்பிட்டால் எனக்குத் தலை இரண்டு அங்குலம் உயரும். பிடித்திருந்தது எனக்கு, சொல்வதற்கென்ன.

ஒரு மழைக்காலத்தில் பூவாரில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு. பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு அன்று சாயந்திரமே வாந்தியும் வயிற்றுப்போக்கும். எல்லாரும் தேறிவிட்டார்கள், காரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண்பிள்ளை மட்டும் ஒரு வாரம் டிரிப்போடு கிடந்தது. அதன் அம்மா கூலிவேலைக்குப் போகிறவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கேன் வெள்ளத்தக் குடிச்ச பெறகாக்கும் மேடம், எனக்க பிள்ளை சுருண்டு விழுந்தா. அவன விடாதீங்க” என்று அழுதார். மேடம் அங்கேயே, “விடமாட்டேன்” என்று சொன்னார். பந்தியில் மோரும் இருந்தது, ஐஸும் இருந்தது. எல்லாம் மிச்சமின்றிக் கொட்டிக் கழுவப்பட்டிருந்தது. மிச்சம் தேடினால் கிடைக்கக்கூடியது தண்ணீர் மட்டும்தான்.

பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு குழாய்க்கிணறு, ஒரு வடிகட்டும் இயந்திரம், கேன்களுக்கு மூடி அடிக்க ஒரு சாதனம். இவ்வளவுதான் அந்தப் பந்திக்குக் கேன் தண்ணீர் இறக்கிய குடிவெள்ளக்காரரின் கம்பெனி. அவரும் பெண்சாதியும் அவர்களே லேபிள் ஒட்டி அவர்களே ஆட்டோவில் கொண்டுபோய் இறக்குவார்கள். மறுநாள் நாங்கள் போய் இறங்கியபோது கொட்டோ கொட்டென்று மழை. பார்த்து நிற்க ஊர்க்காரர் சாட்சி ஒருவர் வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் எல்லையில் அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. எதிரே குடை பிடித்து நின்றவரை மேடம் கூப்பிட்டார். “நான் தமிழ்நாடாக்கும் மேடம், எனக்க வீடு அந்தக் கல்லுக்கு அப்புறம்” என்று சொல்லிக்கொண்டே அவர் நாலு எட்டில் மாநிலம் மாறிவிட்டார். கடைசியில் ஒரு பால்காரர் பிடிபட்டார். மேடம் கேனின் மூடியை உடைத்து மூன்று பாட்டிலிலும் தண்ணீரை ஊற்றினார். அன்று காலையில்தான் அந்த மூன்றையும் நான் துவர்த்தால் திருகித் திருகித் துடைத்திருந்தேன். குடிவெள்ளக்காரர் நனைந்த கையால் கையெழுத்துப் போட்டார். “நான் குடிக்கது இதுதான் மேடம், எனக்க பிள்ளையளும் இதத்தான் குடிக்குது” என்று அவர் சொன்னது மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

ரிப்போர்ட் வந்தது. தண்ணீரில் கிருமி, குடிக்கத் தகுதியற்றது. வழக்குப் பதிவானது, குற்றம் நிரூபணமானால் ஆள் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். மேடம் காரோட்டு அம்மாவுக்குத் தானே ஃபோன் செய்து சொன்னார். எனக்கும் சந்தோஷம். நம் பாட்டில், நம் முத்திரை, எந்த வக்கீல் வந்து என்ன செய்வான் என்று ஆபீஸில் மார்தட்டிக்கொண்டேன்.

விசாரணைக்கு நாள் குறித்த பிறகு திருவனந்தபுரத்தில் எங்களுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த ஒரு அம்மா, தண்ணீரில் கிருமி பார்க்க எடுக்கும் பாட்டிலை எப்படிச் சூட்டில் வைத்துச் சுத்திகரிக்க வேண்டும் என்று காட்டினார். மூடியின் உள்பக்கம் விரல்கூடப் படக்கூடாதாம். “ஒரு துணி பட்டால் போதும், பிறகு நீங்கள் பரிசோதிப்பது தண்ணீரை அல்ல, துணியை” என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தோளிலிருந்த துவர்த்தை எடுத்து மடித்து மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்! திரும்பி வரும் பஸ்ஸில் பாலராமபுரம் தாண்டியதும் மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மணியடித்து பஸ்ஸை நிறுத்தி, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கி, மெயின் ரோட்டின் ஓரமாக நடக்க ஆரம்பித்தார். லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, நான் அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். ரொம்ப தூரம் போனபிறகு நின்று திரும்பி, “அப்போ அந்த ரிப்போர்ட்டில உள்ளது அவருக்க வெள்ளமா, உங்க துவர்த்தா அண்ணே?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். “எனக்கும் தெரியல்ல” என்றார். மறுநாள் விடிந்ததும் சூட்டில் வைத்த புதுப் பாட்டில்கள் மூன்றை ஒரு ஆஸ்பத்திரி லேபிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். பூட்டு. நோட்டீஸ் போன மறுவாரமே கம்பெனி நின்றுபோயிருந்தது. மோட்டாரைக் கழற்றி விற்றாகிவிட்டது, குழாய்க்கிணற்றின் வாயைக் கல்லும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள். குடிவெள்ளக்காரர் வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். மேடம் அந்த மண்மேட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பாதுகாப்பில் இருந்த மற்ற இரண்டு பாட்டிலையும் சோதித்துப் பயனில்லை, மூன்றையும் துடைத்தது ஒரே துவர்த்து. உண்மையைத் தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் அங்கே வைத்துத்தான் உறைத்தது.

அரசு வக்கீலிடம் மேடம் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்தார். “சட்டத்தில் சுத்தமான, உலர்ந்த பாட்டில் என்றுதானே இருக்கிறது? பாட்டில் உலர்ந்திருந்ததா, இல்லையா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று சொல்லி என்னையும் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. மேடம் முதல் சாட்சி, நான் இரண்டாவது சாட்சி. வேலை போகும் என்ற பயம் எனக்கு அப்போது அப்படி இருந்தது. ராத்திரி பகலாக ஒரே வேண்டுதல், அந்தக் கேள்வி வரக்கூடாது.

வரவில்லை. அதுதான் வேடிக்கை. எதிர்த்தரப்பு வக்கீல் நேரத்தைப் பற்றிக் கேட்டார், அரக்கைப் பற்றிக் கேட்டார், பால்காரர் சாட்சி பல்டியடித்ததைப் பற்றிக் கேட்டார். பாட்டிலின் உள்பக்கத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேள்விகள் முடிந்தன, மேடம் இறங்கலாம் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். மேடம் இறங்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காரியம் சொல்ல வேண்டும் என்றார். மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார்: “பாட்டில்களின் பொறுப்பு என்னுடையது. அவை உள்ளே துணியால் துடைக்கப்பட்டன. ரிப்போர்ட்டில் கண்ட கிருமி அந்தத் துணியிலிருந்து வந்ததல்ல என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.” என் பெயரைச் சொல்லவில்லை, யார் துடைத்தது என்றும் சொல்லவில்லை. அவர் ஆடாமல் அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வழக்கு அதற்குப் பிறகு நிற்கவில்லை. குடிவெள்ளக்காரரை விடுதலை செய்த அன்று நாங்கள் இருவரும் போயிருந்தோம். தீர்ப்புக் கேட்டு வெளியே வந்த அந்த மனுஷன், நன்றி என்றால் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல், கோர்ட்டு முற்றத்தில் அத்தனை பேர் பார்க்க மேடத்தின் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டார். காரோட்டு அம்மா மரத்தடியில் பிள்ளையோடு நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் அவருக்கு வேறென்ன தோன்றும்? “பாத்தியளா, பாத்தியளா! எவ்வளவு வாங்கினா இவ? எனக்க பிள்ளைக்க உசிருக்கு எவ்வளவு வெல போட்டா?” என்று தொண்டை கிழியக் கத்தினார். வக்கீல்கள், குமஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், வேறு வேறு வழக்குக்கு வந்தவர்கள், எல்லாரும் திரும்பினார்கள். மேடம் ஃப்ளாஸ்க்கைத் திறந்தார், அதில் தண்ணீர் தீர்ந்திருந்தது, மறுபடி மூடினார். நான் ஒரு எட்டு முன்னால் வந்து, “துவர்த்து எனக்கதாக்கும், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மேடம் என்னைக் கண்ணால் தடுத்தார் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பொய். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. “வாங்க அண்ணே, பஸ்ஸு போயிரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் கத்தல் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் மாதிரி எடுக்கப் போன கடைகளில், “மேடம், நமக்கும் கொறச்சு பேசித் தீத்துக்கிடலாமே” என்று இளித்தார்கள். ஒரு வாய் சாயா குடிக்காத மனுஷியிடம்! இரண்டு மாதத்தில் அவரை மலபார் பக்கம் மாற்றினார்கள். போகிற அன்று மேசையைக் காலி செய்துகொண்டே, “இனி துடைக்காதீங்க அண்ணே. வெயிலு வரது வரைக்கும் காத்திருங்க” என்றார். சிரித்தாரா என்று நினைவில்லை. மந்திரி என்று கூப்பிடவில்லை, அது நினைவிருக்கிறது. பிறகு புதுச்சட்டம் வந்து பழைய மாதிரிகளை ஒழிக்கச் சொன்னபோது அந்த மூன்றாவது பாட்டிலை மட்டும் நான் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கொண்டுவந்தது தவறுதான். கொட்டிவிடக் கை வரவில்லை.

மேடமும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஓணத்துக்கும் புத்தாண்டுக்கும் என் ஃபோனுக்குப் பூப்படம் அனுப்புவார். நான் கைகூப்பும் படம் அனுப்புவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இப்படியே ஒப்பேற்றியிருப்பேன், போன மாதம் பாறசாலை ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் இருந்திருந்தால். எனக்கு முன்னால் நின்ற பெண், பக்கத்திலிருந்தவள் கையிலிருந்த தண்ணீர்பாட்டிலைப் பார்த்து, “இத நம்பிக் குடிக்காத மக்கா. எனக்க மவ செத்துப் பொழச்சா. பிடிச்ச இன்ஸ்பெக்டரம்மா காசு வாங்கிட்டு அவன விட்டுட்டா. நான் கோர்ட்டில வச்சே கேட்டேம்லா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது, குரல் அதே குரல். சீட்டு வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாலு நாள் முற்றத்தில் நடந்தேன். ஐந்தாம் நாள் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு காரோட்டுக்குப் பஸ் ஏறினேன். வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணமாகி மார்த்தாண்டத்தில் இருக்கிறாளாம். பழைய ஆபீஸ் அட்டெண்டர் என்றதும் அடுக்களையிலேயே ஸ்டூல் போட்டு, டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தார். “கொதிச்ச வெள்ளமாக்கும், குடிங்க.” நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். துவர்த்து, வகுப்பு, மூடின கிணறு, கேட்கப்படாத கேள்வி, எல்லாம். பாட்டிலை எடுத்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மீன்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

“அப்போ அந்த வெள்ளம் நல்லதா, சீத்தையா?”

“தெரியாதும்மா.”

“உங்க மேடத்துக்குத் தெரியுமா?”

“அவங்களுக்கும் தெரியாது.”

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். “தெரியாதத தெரியாதுன்னு சொன்ன பொம்பளையவா நான் அப்பிடிச் சொன்னேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு நெஞ்சு லேசானது போலிருந்தது, அப்பாடா என்று டம்ளரை எடுத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்: “இத எதுக்கு எனக்கிட்ட அடுக்களையில வந்து சொல்லுதீங்க அண்ணே? நான் கத்துனது கோர்ட்டு முற்றத்திலயாக்கும். நின்ன ஆளுவ அத்தன பேரும் கேட்டாவ. நீங்க இங்க வந்து மீனுகிட்டயும் எனக்கிட்டயும் சொன்னா அவளுக்க பேரு திரும்பி வருமா?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பாட்டிலை மறுபடி பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்துப் பிடித்தபடி வந்தேன். அது இப்போது பழையபடி ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, முத்திரை உடையாமல். கோர்ட்டு முற்றத்தில் அன்று நின்றவர்களை இனி நான் எங்கே போய்த் தேடுவது? அவர்களில் யாராவது இதைப் படிக்கக்கூடும், அவர்களிடமிருந்து கேள்விப்பட்டவர்கள் யாராவது படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். மேடத்திடம் கேட்காமல்தான் எழுதுகிறேன், அவர் கோபித்தால் கோபிக்கட்டும். அந்த இன்ஸ்பெக்டர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. சிவப்புக் கரை போட்ட அந்தத் துவர்த்து என்னுடையது. துடைத்தது நான்.